திருத்தமா சொல்லு

வலி இல்லை தம்பி, வழி. ஒரத்தநாடு வழியாத்தான் போவும். பட்டுக்கோட்டை வண்டி வேற எப்படிப் போவும்? உக்காருங்க. நல்லா தள்ளி உக்காருங்க, இந்தப் பை என்னோடதுதான், கீழ வச்சுக்கிறேன். வலிங்கிறது பல்லுல வர்றது, இடுப்புல வர்றது. பஸ் போறது வழியில. நாக்கைக் கொஞ்சம் மடிச்சு உள்ள இழுத்தா தானா வந்துட்டுப் போவுது. கோச்சுக்காதீங்க. தப்பா ஒரு சொல்லு காதுல விழுந்தா எனக்கு வாய் சும்மா இருக்காது. பொறந்ததுலேருந்து இப்படித்தான்.

முன்னாடி சீட்டுல பச்சைப் புடவை கட்டியிருக்கிறது உங்க வீட்டுக்காரங்களா? நல்லதாப் போச்சு. அவங்க பக்கத்துல ஜன்னலோரமா தலை நரைச்சு உக்காந்திருக்கே, அதுதான் என் சம்சாரம். பவுனம்மா. பவுனுன்னு கூப்பிடுவேன். வலது கையும் காலும் இழுக்கும். படியில ஏறி இறங்கத் தோதா இருக்கட்டும்னு கண்டக்டர்கிட்ட சொல்லி முன்னாடி உக்கார வச்சிருக்கேன். உங்க வீட்டுல ஏதாவது பேச்சுக் குடுத்து, அவ பதில் சொல்லலைன்னா தப்பா எடுத்துக்க வேணாம். பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. முழுசாப் போயிடுச்சு.

எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லை, சர்க்கரை மட்டும்தான். என் பேரு சிவக்கொழுந்து. எங்க, ஒரு தடவை சொல்லுங்க பாப்போம். பாத்தீங்களா, கொலுந்துங்கிறீங்க. பரவாயில்லை, உங்களைச் சொல்லி என்ன ஆவப்போவுது? பள்ளிக்கூடத்துல வாத்தியாரே கொலுந்துன்னுதான் கூப்பிட்டாரு. கல்யாணத்துல ஐயரு கொயுந்துன்னாரு. பேங்க்குல ஒரு பொண்ணு எல்லார் எதிரயும் "மிஸ்டர் சிவா"ங்குது. ஏம்மா, மிச்சப் பேரு எங்கம்மா போச்சுன்னு கேட்டேன். அது "ஈஸியா இருக்கும்ல அங்கிள்"னுது. அவளுக்கு ஈஸியாம்! பெத்தவங்க வச்ச பேரு இவளுக்கு ஈஸியா இருக்கணுமாம். தமிழ் பேசறப்ப நடுவுல இங்கிலீஷைப் போட்டுக் கலக்கறது இருக்கே, அது எனக்கு சுத்தமா டைஜஸ்ட் ஆவாது தம்பி.

அதனாலதான் எம்பொண்ணுக்கு எழிலரசின்னு வச்சேன். என் பேரைத்தான் கெடுத்தானுங்க, இவ பேரையாவது ஒழுங்கா சொல்லட்டும்னு வச்சேன். சொன்னானுங்களா? எலிலரசி! கூடப் படிச்சதுங்க எலின்னே கூப்பிட்டுச்சுங்க. அழுதுகிட்டு வந்து நிப்பா. நீ அவங்களைத் திருத்து, திருத்துறவரைக்கும் திரும்பிப் பாக்காதேன்னு சொல்லி அனுப்புவேன். கடைசியில என்ன பண்ணினா தெரியுமா? காலேஜ் போனதும் அரசின்னு மாத்திக்கிட்டா. நான் தேடித் தேடி வச்ச பேருல பாதியை வெட்டிப் போட்டுட்டா. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க.

பட்டுக்கோட்டையில வந்து தென்றல் ஒலிபெருக்கி நிலையம்னு கேளுங்க, யாரா இருந்தாலும் கை காட்டுவாங்க. ஊரே சவுண்ட் சர்வீஸ்னு போர்டு மாட்டினப்ப ஒலிபெருக்கின்னு மாட்டினவன் நான். கார் மேல ஹாரனைக் கட்டிக்கிட்டு தெருத்தெருவா அறிவிப்பு சொல்லிக்கிட்டுப் போறது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா எல்லாம் சொல்வேன். சாவுன்னா நான்தான். எத்தனையோ பேரு இருக்கானுங்க, ஆனா சாவுக்கு என்னைத்தான் தேடி வருவாங்க. "இயற்கை எய்தினார்"னு நான் சொன்னா அந்த ஆளு செத்ததுக்கே ஒரு மரியாதை வரும். அப்படி ஒரு உச்சரிப்பு.

ஒரு தடவை ஒரு பையன் அழுதுகிட்டு வந்து நின்னான். அப்பா போயிட்டாராம். பேரு என்னப்பான்னேன். "கொலந்தவேலு"ங்கிறான். திருத்தமா சொல்லுன்னேன். மறுபடியும் கொலந்தவேலு. உன்னைப் பெத்தவர் பேரு, கடைசியா ஒரு தடவை ஊரே கேக்கப் போவுது, நீயே ஒழுங்கா சொல்லலைன்னா எப்படி? குழந்தைவேல்னு சொல்லு, அப்பதான் வண்டியை எடுப்பேன்னு சொல்லிட்டேன். அவன் கூட வந்தவன் கையை ஓங்கிக்கிட்டு வந்தான். பவுனுதான் உள்ளேருந்து ஓடி வந்து அந்தப் பையன் கையில மோரைக் குடுத்து உக்கார வச்சா. அவளுக்கு எப்பவும் இப்படி நடுவுல பூந்து கெடுக்கிற பழக்கம். ஆனா சொன்னான் தம்பி. விக்கி விக்கி, கடைசியில குழந்தைவேல்னு சொன்னான். அந்தப் பையன் ஆயுசுக்கும் என்னை மறக்க மாட்டான்.

இப்ப டிவியைப் போட்டா வயித்தெரிச்சலா இருக்கு. மலை பெய்யுமாம். எந்த மலை பெய்யும்? பர்வதமலையா? அந்தப் பொண்ணுங்க "ஷொல்லுங்க"ங்குதுங்க. ச வராம போறதுக்கு வாயில என்ன கேடு? போனை எடுத்தா வணக்கம் கிடையாது, "ம், சொல்லுங்க". கடைக்காரன் "ஓகேவா"ங்கிறான். பேரனை எப்படிடா இருக்கேன்னு கேட்டா "சூப்பர்"ங்கிறான். காய்ச்சல்ல படுத்திருக்கான், சூப்பராம்! ஒரு வாக்கியத்துல நாலு "ஆக்சுவலா". எனக்குக் காதைப் பொத்திக்கிட்டு எங்கயாவது ஓடிடலாமான்னு இருக்கும். பவுனுகிட்டதான் சொல்லிப் புலம்புவேன். அவ வெங்காயம் அரிஞ்சுகிட்டே "ம்"முன்னு கேட்டுக்கிட்டிருப்பா.

அவளே கட்டிக்கிட்டு வந்தப்ப எப்படிப் பேசினான்னு நினைக்கிறீங்க? மதுக்கூர் பக்கத்துக் கொல்லைக்காட்டுப் பொண்ணு. பழம்னு சொல்லத் தெரியாது, "பயம்"பா. வாயப்பயம்பா. கொஞ்சம் கொஞ்சமா நான்தான் திருத்தினேன். சாப்பிட உக்காந்தா திருத்துவேன், சொந்தக்காரங்க வந்தா திருத்துவேன். ஆரம்பத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. அப்புறம் பழகிட்டா. பேசறதைக் குறைச்சுக்கிட்டா. நாலு பேரு கூடின இடத்துல அளந்து அளந்துதான் பேசுவா. அமைதியான பொம்பளைன்னு எங்க சனமெல்லாம் பெருமையா சொல்லும்.

அப்படி இருந்தவளுக்குத்தான் போன மாசி மாசம் காலையில வந்துச்சு. அடுப்படியில தடால்னு சத்தம். போய்ப் பாத்தா ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கா, வாய் கோணியிருக்கு. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். பொழைப்பாளான்னு தெரியலை. ஐ.சி.யூ. வாசல்ல தரையில உக்காந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். பொழைச்சு வெளியில வந்து, கண்ணைத் தொறந்து, என்னைப் பாத்து "ஏ... ங்ங"ன்னா. ஏங்கன்னு கூப்பிடறா தம்பி. அதைக் கேட்டு நான் சின்னப் புள்ளை மாதிரி அழுதேன். பேச்சு இருக்கு, திருத்திக்கலாம்னு அப்பவே எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு.

அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன். அவ "தன்னி"ன்னு கேப்பா. கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு, "தண்ணி சொல்லு. ண். நாக்கை மேல கொண்டு போ"ம்பேன். அவ கையை நீட்டுவா. "முதல்ல சொல்லு, அப்புறம் குடிக்கலாம்"பேன். நர்சு பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பேசுச்சு. அதுக்கென்ன தெரியும்? சுலபமாக் கிடைச்சா யாரு கத்துக்குவா?

எழில் கூட்டிக்கிட்டுப் போயி திருச்சியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஒரு பொண்ணுகிட்ட காட்டினா. சின்னப் பொண்ணு. அது பேசற தமிழைக் கேட்டீங்கன்னா உங்களுக்கே சிரிப்பு வரும். "ஐயா, அவங்களை கரெக்ட் பண்ணாதீங்க. அவங்க சொல்றது புரிஞ்சா போதும். புரிஞ்சுடுச்சுன்னு காட்டுங்க"ன்னுது. புரிஞ்சா போதுமாம்! மாடு கத்தினாக்கூடத்தான் தண்ணிக்குக் கத்துதுன்னு புரியுது. அப்ப மனுசனுக்கு எதுக்கு எழுத்து, எதுக்கு உச்சரிப்பு? உனக்கே ழ வரலையே, நீ என்னம்மா பயிற்சி குடுப்பேன்னு கேட்டேன். எழில் என் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துக்கிட்டு வந்துட்டா.

சரி, இவங்களை நம்பினா ஆவாதுன்னு நானே ஒரு வழி பண்ணினேன். எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. தன் குரல் தன் காதுல பெருசா விழுந்தாத்தான் தப்பு தெரியும். நான் அப்படித்தான் பழகினேன். ஆம்ப்ளிபயரைக் கொண்டு வந்து கூடத்துல வச்சு, பவுனு வாய்க்கு நேரா ஸ்டாண்டுல மைக்கை நிறுத்தினேன். அவ வேணாம்னு தலையாட்டினா. கூச்சம். நான் விடலை. "வாழைப்பழம் சொல்லு"ன்னேன். "வா... ப்ப..."ங்கிறா. "வா-ழைப்-ப-ழம்"ங்கிறேன். மறுபடி "வா... ப்பயம்." அப்படியே சாயங்காலம் பூராவும்.

அதுல ஒரு சின்னக் கோளாறு ஆயிப்போச்சு. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ண மொட்டை மாடியில நாலு ஹாரன் கட்டியிருந்தேன். அந்த லைனைக் கழட்டலை. உள்ள பேசறது பூராவும் வெளியில தேரடி வரைக்கும் கேட்டிருக்கு. எனக்கு நடுவுல தெரிஞ்சுது, இல்லைங்கலை. எதிரொலி வர்றதை வச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அப்பதான் ஒரு தடவை "ழ" மாதிரி வந்துச்சு. இந்த நேரத்துல எழுந்து போயி ஒயரைப் பிடுங்கினா வேலை கெடும்னு விட்டுட்டேன். ஊர் கேட்டா என்ன? ரோஷம் வரட்டுமே. ரோஷம் வந்தா நாக்கு திரும்பும்.

தெருவுல புள்ளைங்க கூடிக்கிட்டுதுங்க. வாப்பயம், வாப்பயம்னு கத்திக்கிட்டு ஓடுச்சுங்க. பெரியவங்களும் ஒண்ணு ரெண்டு பேரு சிரிச்சாங்க, சிரிக்கத்தான் செய்வாங்க. அப்ப எதுத்த வீட்டு ருக்குமணி இருக்கே, அது புயலாட்டம் உள்ள வந்து, என்னை ஒரு வார்த்தை கேக்காம கரண்டைப் பிடுங்கிப் போட்டுச்சு. "நீங்கள்லாம் மனுசனா?"ன்னு கேட்டுச்சு. என் வீட்டுக்குள்ள வந்து என்னையே. அப்பதான் பவுனுக்கு வெளியில கேட்டது தெரிஞ்சுது போல. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டா. சொவத்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

அதுலேருந்து பேசலை. ஒரு சொல்லு கிடையாது. அன்னிக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி தம்பி. அதுல மூளையில மறுபடியும் ஒரு அடைப்பு வந்திருக்கணும்னு நினைக்கிறேன். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு புதுசா ஒண்ணும் இல்லையேங்கிறாரு. அந்த மிஷின்ல எல்லாமா தெரியும்? ஒண்ணுமே இல்லைன்னா, பேச்சு மட்டும் எப்படிப் போவும்?

நான் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். கெஞ்சிப் பாத்தேன், சத்தம் போட்டும் பாத்தேன். பக்கத்துல உக்காந்து, "பவுனு, ஏங்கன்னு மட்டும் சொல்லுடி, வேற ஒண்ணும் வேணாம்"னு கேட்டேன். "ங்"ங்கிறதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுன்னு சொல்லியும் குடுத்தேன். என்னைப் பாத்துக்கிட்டே இருப்பா. கண்ணுல தண்ணி வரும், வாய் தொறக்காது. தொழிலை விட்டுட்டேன். நாள் பூராவும் வீட்டுல நான் ஒருத்தன்தான் பேசறேன். ஒரு பதில் இல்லாம பேசிக்கிட்டே இருக்கறது எவ்வளவு கொடுமைன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. தெரியவும் வேணாம்.

இதுல எழில் ஒரு கதை கட்டுறா. ஒரு வாரமா திருச்சியில அவ வீட்டுலதான் இருந்தோம், திருவெறும்பூர்ல. "அப்பா, நீங்க வெளிய போனா அம்மா எங்கிட்ட பேசுறாங்க. நல்லாவே பேசுறாங்க"ங்கிறா. பேரனும் ஆமாங்கிறான். நான் காய் வாங்கப் போறேன், திரும்பி வந்தா கூடத்துல ரெண்டு பேரும் கம்முனு உக்காந்திருக்காங்க. எங்க, இப்பப் பேசச் சொல்லுன்னா "நீங்க இருந்தா பேச மாட்டாங்கப்பா"ங்கிறா. எப்படி இருக்கு பாருங்க! நான் இருந்தா மட்டும் வராத பேச்சு உலகத்துல எங்கயாவது இருக்கா? சின்ன வயசுலேருந்தே அவளுக்கு என் மேல ஒரு காய்ச்சல். பேரை மாத்தினவதானே.

இன்னிக்குக் காலையில கிளம்பறப்ப வாசல்லயே மல்லுக்கு நின்னுட்டா. "அம்மா இங்கயே இருக்கட்டும், நீங்க மட்டும் போங்க. அங்க கொண்டு போயி அவங்களை ஊமையாவே சாவடிச்சுடாதீங்க"ன்னு அழுவுறா. மருமகன் பாவம், தலையைக் குனிஞ்சுகிட்டு நிக்கிறாரு. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். ஆனா நான் நியாயமானவன். என்ன சொன்னேன் தெரியுமா? "நீ சொல்லாதே. அவ சொல்லட்டும். நான் பொண்ணுகிட்ட இருக்கேன்னு அவ வாயால சொல்லட்டும், இப்பவே விட்டுட்டுத் தனியாப் போறேன். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்"னு சொல்லிட்டேன். எல்லாரும் அவளைப் பாத்தோம். பவுனு வாயைத் தொறந்தா. உதடு நடுங்குச்சு. என்னைப் பாத்தா. நான் ஒண்ணுமே பண்ணலை, அவ வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மூடிக்கிட்டா. அப்புறம் என்ன? பையைத் தூக்கினேன், கூட்டிக்கிட்டு வந்துட்டேன்.

என்னது?

பேசிக்கிட்டு வர்றாளா? யாரு, பவுனா? உங்க வீட்டுக்காரங்ககிட்டயா? சேச்சே. அது சும்மா தலையாட்டுறா தம்பி. உங்க வீட்டுல பேசறாங்க, அவ கேட்டுக்கிறா. பஸ் குலுக்கல்ல பாத்தா வாய் அசையற மாதிரிதான் தெரியும். வல்லத்துலேருந்தே பாக்குறீங்களா? அப்படியா? சிரிச்சாளா? இருங்க. தஞ்சாவூர் வந்தாச்சு, புது பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நிக்கும்னான். நான் கீழ இறங்கி அவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வர்றேன். என் பையைப் பாத்துக்கங்க.

*

நகர்ந்துக்கங்க. உக்காந்துக்கறேன்.

இல்லை, ஒண்ணும் இல்லை. டீ கையில கொட்டிக்கிச்சு. சூடு இல்லை, ஆறிப்போன டீதான்.

பேசினா தம்பி. நீங்க சொன்னது நெசந்தான். டீயை வாங்கிக்கிட்டு, முன்படி வழியா ஏறாம, நடுப்படியில ஏறி சத்தம் காட்டாம அவங்க சீட்டுக்குப் பின்னாடி போய் நின்னேன். வாழைப்பூ ஆயறதைப் பத்தி உங்க வீட்டுல கேட்டிருப்பாங்க போல. பூவுக்குள்ள இருக்கிற கள்ளன் நரம்பை எடுக்கணும், மோர்த் தண்ணியில போடணும், இல்லைன்னா கறுத்துடும்னு சொல்லிக்கிட்டிருக்கா. ஒரு எழுத்து உருப்படியா வரலை. எல்லாம் கொழகொழன்னு வருது. ஆனா நிறுத்தலை. பேசிக்கிட்டே போறா. உங்க வீட்டுல "ஆமாங்கக்கா, எங்க மாமியாரும் அப்படித்தான் சொல்லும்"ங்கிறாங்க. பவுனு சிரிக்கிறா. அந்தச் சிரிப்பை நான் எப்பக் கேட்டேன்? கல்யாணமான புதுசுல கேட்டிருப்பேனோ என்னவோ. நெஞ்சே வெடிச்சுடும் போல இருந்துச்சு. சந்தோஷமா துக்கமான்னு எனக்கே தெரியலை.

உங்க வீட்டுலதான் என்னைப் பாத்தாங்க. "வாங்கண்ணே, அக்கா நல்லா கதை சொல்றாங்க"ன்னாங்க. பவுனு திரும்பினா. "பவுனு, பேசுறியாடி? பேச்சு வந்துடுச்சாடி?"ன்னேன். அவ மூஞ்சியில இருந்த சிரிப்பு அப்படியே வடிஞ்சு போச்சு. ஆனா இந்தத் தடவை வாயை மூடலை. என்னைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, உங்க வீட்டுக்காரங்க கையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, சொன்னா.

"என்ன... எயிகித்த... உத்துங்க."

உங்க வீட்டுல பட்டுன்னு சொல்லிட்டாங்க. "பொண்ணுகிட்ட விட்டுடச் சொல்றாங்கண்ணே." யாரு கேட்டா அவங்களை? "அவ என்ன சொல்றான்னு எனக்குப் புரியலைம்மா"ன்னேன். "பவுனு, திருத்தமா சொல்லு"ன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னா. "இன்னும் தெளிவா. எ-ழில். நாக்கை உள்ள இழு. எ-ழில்-கிட்ட. சொல்லு"ன்னேன். கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கிச்சு, கடைவாயில எச்சில் வழிஞ்சு புடவையில ஒழுவுது. மூணாவது வாட்டியும் சொன்னா. அப்பவும் சரியா வரலை. உங்க வீட்டுல "போதும்ணே, விட்டுடுங்கண்ணே"ன்னு அழுவுறாங்க. கண்டக்டர் ஏறிட்டாரு, வண்டி கிளம்பிடுச்சு. நான் வந்துட்டேன்.

நான் சொன்ன சொல்லு மாறலை தம்பி. வாயால சொல்லட்டும்னேன். வாயால சொல்றதுன்னா என்ன? கேக்கறவனுக்குப் புரியற மாதிரி சொல்றதுதானே?

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

சரி. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, இறங்கிப் போயிடப் போறீங்க. புரிஞ்சுது. முதல் வாட்டியே புரிஞ்சுது. எத்தனை வருஷமா கூட இருக்கேன், அவ சொல்றது எனக்குப் புரியாம உங்க வீட்டுக்காரங்களுக்கா புரியும்? புரிஞ்சுதுன்னு சொன்னா நான் என்ன பண்ணணும்? அங்கயே அவளைக் கையைப் பிடிச்சு இறக்கி, எதிர்ல நிக்கிற திருச்சி வண்டியில ஏத்தணும். ஏத்திட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போயிக் கதவைத் தொறக்கணும். உள்ள யாரு இருக்கா? எனக்கு ஒரு வாய் சோறு வேணாம், பேச வேணாம், என் எதிர்ல உக்காந்திருந்தாப் போதும். அவ இல்லாம என்னால இருக்க முடியாது தம்பி. செத்துப் போயிடுவேன். இதை நான் யார்கிட்ட போயிச் சொல்றது? அவகிட்டயா? அவகிட்ட இப்படியெல்லாம் நான் பேசினதே இல்லையே.

நீங்க ஏதாவது சொல்லுங்களேன். ஏறினதுலேருந்து நல்லாத்தானே பேசிக்கிட்டு வந்தீங்க.

ஒரத்தநாடு வந்தாச்சா? இறங்கணுமா? சரி, இறங்குங்க. பாத்து இறங்குங்க.

என்ன தம்பி, உங்க வீட்டுக்காரங்க இறங்காம நிக்கிறாங்க? கண்டக்டர் கத்துறாரு பாருங்க. யாரு பிடிச்சிருக்கா? பவுனா? ஏய் பவுனு, என்ன இது, அவங்க புடவையை விடு. நாலு பேரு பாக்குறாங்க. விடுடி. தம்பி, கொஞ்சம் அந்தக் கையைப் பிரிச்சு விடுங்க, நான் வர்றேன், தள்ளுங்கய்யா, வழி விடுங்க. கத்தாதே பவுனு. எதுக்கு இப்படிக் கத்துறே, பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

இல்லை கண்டக்டர், பொண்ணு வீட்டுக்கெல்லாம் இல்லை. அவ அப்படிச் சொல்லலை. நீங்களா நினைச்சுக்காதீங்க. என்னம்மா, நீங்களுமா? நீங்கள்லாம் யாரு? நான் அவ புருசன். எனக்குத் தெரியாதா? அவ என்ன சொல்றான்னு யாருக்கும் புரியாதுங்க. ஒருத்தருக்கும் புரியாது. நீங்க விசில் குடுங்க.